வள்ளிமயிலின் விளக்குப்பூஜைக் குழு

செல்வகணேஷின் கண்ணுக்குக் கோவில்பட்டி பஜாரில் நல்ல பேர் இருந்தது. அவன் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் பெண்களின் உள்ளாடைப் பகுதி அவன் பொறுப்பு. வருகிற பெண்கள் நேராக அங்கே வரமாட்டார்கள். சேலை பார்ப்பார்கள், துண்டு விலை கேட்பார்கள், கடைசியில் அவன் முன்னால் வந்து நின்று மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்கள். அவன் ஒரு கேள்வியும் கேட்கமாட்டான். ஒரே பார்வை. கையைப் பின்னால் நீட்டி ஒரு பெட்டியை உருவுவான்.

"முப்பத்தி நாலு. கச்சிதமா இருக்கும்க்கா."

அந்த இடத்தை விட்டுத் தப்பித்தால் போதுமென்று அவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தியும் திரும்பி வந்து அளவு சரியில்லை என்று சொன்னதில்லை. உள்ளாடை மாற்றித் தரப்படாது என்று அவன் தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. எழுதாவிட்டாலும், அந்தப் பேச்சை இரண்டாவது முறை எடுக்க எவளுக்குத் தெம்பு இருந்திருக்கும்? இதையெல்லாம் அவன் யோசித்ததில்லை. குறை வரவில்லை, ஆகவே தன் கண்ணிலேயே அளவுகோல் இருக்கிறது என்று நம்பினான். முதலாளியும் நம்பினார்.

அவன் மனைவி வள்ளிமயிலும் நம்பினாள். நாகலாபுரம் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்து, பிளஸ் டூ முடித்த கையோடு கோவில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமான வருஷம் அவன் அவளைப் பார்த்த முதல் பார்வையிலேயே முப்பத்தி நாலு என்று முடிவாகிவிட்டது. அதன்பிறகு ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள், உடம்பு வைத்தது, மறுபடி இளைத்தது, மறுபடி வைத்தது. பெட்டிமேல் இருந்த எண் மட்டும் மாறவில்லை. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று கடையிலிருந்து அவனே கொண்டுவருவான். தோளில் பட்டை பதிந்து தடம் விழுந்தது. கரிசல் காட்டு வெயில் காலத்தில் பட்டைக்குக் கீழே வேர்க்குரு பொங்கிப் புண்ணாகும்.

"இறுக்குதுங்க," என்று ஒருதடவை சொன்னாள்.

"புதுசு அப்படித்தான் இருக்கும். துவைக்கத் துவைக்க விட்டுக்குடுக்கும்."

துவைத்தாள். துணி நைந்தது, விட்டுக்கொடுக்கவில்லை. ஊருக்கே அளவு சொல்லுகிற மனுஷன் தன் பெண்டாட்டிக்குத் தப்பாகவா சொல்லுவான், நம்ம உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

கொரோனா சமயத்தில் மகளின் பாடத்துக்கென்று வாங்கிய செல்போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகு வள்ளிமயிலின் கைக்கு வந்தது. முதலில் கோலம் பார்த்தாள். பிறகு குழம்பு. ஒருநாள் குழம்புக்கும் கோலத்துக்கும் நடுவே ஒரு பெண் இஞ்ச் டேப்பும் கையுமாக வந்து, சரியான அளவு எடுப்பது எப்படி என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல், இட்லி மாவு அரைப்பதைச் சொல்லுவது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று, அவ்வளவுதான். வள்ளிமயில் ஜாக்கெட் தைக்க வைத்திருந்த டேப்பை எடுத்து அளந்தாள். தப்பாக இருக்கும் என்று மறுபடி அளந்தாள். முப்பத்தெட்டு.

அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது.

அன்றைக்கே செல்போனில் ஒன்று ஆர்டர் போட்டாள். பார்சல் வந்த நேரம் அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றாள். வீட்டில் மாமியார் சொர்ணத்தாய் மட்டும் இருந்தாள். சொர்ணத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிற வேலைக்குப் போய் வருகிறவள். முழங்கால் வலிக்கு பெல்ட் வாங்கித் தா என்று மகனிடம் சொல்லிவைத்திருந்தாள். வந்தது அதுதான் என்று பிரித்துவிட்டாள். வள்ளிமயில் வாசலில் கால் வைக்கும்போது, மாமியார் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்காலிலும் ஆளுக்கொரு கிண்ணமாகக் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி மயிலு, அளவெல்லாம் கணக்கா இருக்கு. பட்டையை எங்கனட்டி மாட்டணும்?"

"அத்தை, அது முட்டிக்கு இல்ல. எனக்கு."

சொர்ணத்தாய் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கு எதுக்குட்டி தபால்ல போட்டு வாங்குத? எம்மவன்தான் கடை நெறைய வச்சிருக்கானே?"

வள்ளிமயில் ஜாக்கெட்டைத் தோளிலிருந்து கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். சொர்ணத்தாய் அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சண்டாளப்பய," என்றாள். பெற்ற மகனை அவள் அப்படிச் சொல்லி வள்ளிமயில் கேட்டதில்லை. கையிலிருந்ததை மடித்து மருமகளிடம் கொடுத்தாள். "எனக்கும் ஒண்ணு போடு. கொக்கி முன்பக்கம் இருக்கதாப் பாரு. பின்னால கை போவ மாட்டேங்கு."

அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக அளவுக்கு ஒன்று போட்டுக்கொண்ட சொர்ணத்தாய்க்கு, அதைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் வாய் சும்மா இருக்கிற வேலைதானே. மறுவாரமே சாயங்காலத்தில் பெண்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். வள்ளிமயில் உள்அறையில் வைத்து அளந்தாள், செல்போனில் படம் காட்டினாள், ஆர்டர் போட்டாள். ஒவ்வொருத்தியும் அளந்து முடித்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "நெசமாவா?"

ஆள் கூடக்கூட ஒரு வாட்ஸ்அப் குழு வேண்டியிருந்தது. பேர் வைப்பதில்தான் சிக்கல். பாதிப் பேரின் செல்போனைப் புருஷன்மார்கள் எடுத்துப் பார்ப்பார்கள். யோசித்து, "ஆடிவெள்ளி விளக்குப்பூஜைக் குழு" என்று வைத்தாள். முகப்பில் குத்துவிளக்குப் படம். அதற்குப் பிறகு எந்தப் புருஷனும் அதைத் திறக்கவில்லை. "எப்பப் பாத்தாலும் பூஜை குரூப்தான் பாக்கா," என்று டீக்கடையில் பெருமையாகச் சொன்னார்கள். காசு கேட்டால் பூஜைக்கு என்று கொடுத்தார்கள்.

வள்ளிமயிலுக்கு இதில் குற்றவுணர்ச்சி இல்லாமலில்லை. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் உண்மையாகவே ஒரு அம்மன் படம் போட்டுவிட்டு, அதற்குக் கீழே சரக்குப் படங்களைப் போட்டாள்.

இந்தச் சமயத்தில் செல்வகணேஷின் கடையில் வியாபாரம் விழத் தொடங்கியது. இரவுச் சாப்பாட்டில் அவனுக்கு அதே பேச்சு.

"இந்த ஆன்லைன்காரன் நம்ம வயித்துல அடிக்கான். முதலாளி என்னயப் போட்டு வையுதாரு. அளவு பாக்காம, ஆளப் பாக்காம, எங்கியோ இருந்துக்கிட்டு எப்படித்தான் விக்கானுவளோ!"

"இன்னொரு தோசை வைக்கட்டா?" என்றாள் வள்ளிமயில். சொர்ணத்தாய் சுவரைப் பார்த்தாள்.

அதற்குள் வள்ளிமயில் ஒரு படி மேலே போயிருந்தாள். ஆன்லைன் கடைகளுக்கு ஆர்டர் போட்டுக்கொடுப்பதை விட்டுவிட்டு, திருப்பூரிலிருந்து தானே மொத்தமாக எடுத்தாள். கடலைமிட்டாய்க் கடையில் கழித்துப்போட்ட அட்டைப்பெட்டிகளில் கட்டி, கழுகுமலை பஸ்ஸிலும் விளாத்திகுளம் பஸ்ஸிலும் ஏற்றிவிட்டாள். கண்டக்டர் ஒருத்தர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "நமக்கு ரெண்டு துண்டு மிட்டாய் கெடையாதா தாயி?" என்று கேட்டார். "விரதத்துக்குப் போகுது அண்ணாச்சி," என்று சமாளித்தாள்.

பொய்க்குப் பேர் வைத்தால் அது வீடு தேடி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனி மாதக் கடைசியில் தெரு அம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர் பேச்சிராஜா வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார்.

"மதினி, நீங்க நடத்துற குழுவுல எரநூறு பொம்பளைக்கு மேல இருக்காவளாம்ல. எங்க வீட்டுல பிரேமலதாவும் இருக்கா. இத்தனை வருசமா நாங்க மைக்கு வச்சுக் கத்தியும் முப்பது வெளக்கு சேரலை. இந்த ஆடிக்கு நீங்கதான் முன்ன நின்னு நடத்தித் தரணும்."

செல்வகணேஷுக்குப் பூரித்துப் போயிற்று. "தாராளமா செய்வா," என்று அவனே தட்டை வாங்கிவிட்டான்.

வேறு வழியில்லை. வள்ளிமயில் பூஜை முறையை யூடியூபில் படித்தாள். குழுவில் செய்தி போட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் விளக்காக நின்றது. கழுகுமலையிலிருந்துகூட வந்திருந்தார்கள். அத்தனை பேரும் நிமிர்ந்து, தோள் தளர்ந்து, மூச்சை இழுத்துவிட்டு உட்கார்ந்து போற்றி சொன்னதைப் பார்த்தபோது, வள்ளிமயிலின் குரலும் தானாக உயர்ந்தது. பக்தியா வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பேச்சிராஜா மைக்கில் அவளுக்கு நன்றி சொல்லி, "நம்ம பெண்களிடம் இப்பேர்ப்பட்ட ஒழுக்கத்தைக் கொண்டுவந்தவர்" என்றார். கூட்டத்தில் ஒரு பக்கமாகச் சிரிப்பு எழுந்து அடங்கியது.

வினை அங்கேதான் பிடித்தது. கோயில் அறிவிப்புகளுக்கென்று கமிட்டி ஆட்களையும் குழுவில் சேர்க்கச் சொன்னார் பேச்சிராஜா. வள்ளிமயில் அவசரமாக அதே பேரில், அதே குத்துவிளக்குப் படத்தோடு, ஆண்களுக்கென்று இன்னொரு குழு ஆரம்பித்தாள். மூன்றாம் நாள், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், புதுச் சரக்குப் படங்களைத் தவறான விளக்கில் ஏற்றிவிட்டாள்.

கறுப்பு, சிவப்பு, பூப்போட்டது. "ஆடித் தள்ளுபடி. முன்கொக்கியும் உண்டு."

அவள் கவனித்து அழிக்கப் போவதற்குள் கமிட்டி முழுக்கப் பார்த்துவிட்டது. எதைப் போட்டாலும் கும்பிடு போடுகிற பெரியவர் ஒருவர், அதற்கும் கும்பிடு போட்டிருந்தார். யாரும் குழுவை விட்டு வெளியேறவில்லை.

பேச்சிராஜா நேராக ஜவுளிக்கடைக்குப் போய்ச் செல்வகணேஷிடம் காட்டினார். செல்வகணேஷ் பாதி வேலையில் வீட்டுக்கு வந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கட்டிலின்மேல் பார்சல்கள் குவிந்து கிடந்தன. ஒளிக்க நேரமில்லை, வள்ளிமயில் ஒளிக்கவுமில்லை.

"அப்ப அந்த ஆன்லைன்காரன் நீதானா?"

"ஆமா."

"முதலாளிட்ட நான் வாங்குன ஏச்சு பூராவும் உன்னாலதானா?"

"நான் யாரையும் கடைக்குப் போவாதீங்கன்னு சொல்லலீங்க. அளந்து மட்டும்தான் சொன்னேன்."

"என்னத்த அளந்த? நான் அளக்காம குடுத்து எவளாவது குறை சொல்லியிருக்காளா?"

"நான் சொன்னேன்," என்றாள் வள்ளிமயில். "துவைக்கத் துவைக்க விட்டுக்குடுக்கும்னு சொன்னீங்க."

அவன் நின்றான். கடையில் நிற்பது போலவே நின்று, அவளை ஒரு பார்வை பார்த்தான். "முப்பத்தி நாலு," என்றான். குரலில் பழைய உறுதி இருந்தது.

அவள் டேப்பை நீட்டினாள். சொர்ணத்தாய் எழுந்து, ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். ஆட்டுக்குட்டி கட்டித்தான் கிடந்தது.

இத்தனை வருஷம் உள்ளாடை விற்றவனுக்கு டேப்பை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தாள். அளந்தான். எண்ணைப் பார்த்துவிட்டு, டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடி அளந்தான். டேப் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டான். பிறகு கட்டிலில் பார்சல்களுக்கு நடுவே உட்கார்ந்தான்.

"அப்படின்னா அந்த ரயில்வே காலனி டீச்சரம்மா…" என்றான். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "பேங்க்காரம்மா… முதலாளி வீட்டம்மா…"

"அவிய எல்லாரும் நம்ம குழுவுலதான் இருக்காவ," என்றாள் வள்ளிமயில்.

மன்னிப்புக் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னான். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, "ரொம்பப் புண்ணாயிருந்துச்சோ?" என்று கேட்டான். "ம்," என்றாள். 

கமிட்டி கூடி, வள்ளிமயிலைப் பூஜையிலிருந்து விலக்குவதாகத் தீர்மானம் எழுதப் பார்த்தது. அப்படியானால் விளக்கை எடுத்துக்கொண்டு நாங்களும் விலகுகிறோம் என்று பிரேமலதா தன் புருஷன் பேச்சிராஜாவிடமே சொல்லி அனுப்பினாள். பூஜை வேறு, வியாபாரம் வேறு என்று தீர்மானம் மாறியது. குழுவின் பேர் மாறவில்லை. அதை மாற்றினால் பாதிப் பேருக்கு வீட்டில் பதில் சொல்ல முடியாது.

செல்வகணேஷ் கடைக்குப் போனதும் முதல் வாடிக்கையாளரிடம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "அளந்து பாத்தீங்களாக்கா?" என்று கேட்டான். அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முதலாளி அவனைப் பள்ளிச் சீருடைப் பகுதிக்கு மாற்றிவிட்டார். அங்கே அம்மாக்கள் பிள்ளைகளைக் கையோடு கூட்டிவந்து, இரண்டு வருஷத்துக்குத் தாங்குகிற மாதிரிப் பெரிசாகக் கேட்டு வாங்கிப் போனார்கள். அவன் கண்ணுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்சல்களை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனான்.

தீப்பெட்டி ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வள்ளிமயிலிடம் பெட்டி கட்ட வந்தார்கள். முன்அறை கடையாயிற்று. அவள் தன் குரலில் சின்னச் சின்ன வீடியோக்கள் போட்டு, கீழே செல்போன் எண்ணும் கொடுத்தாள். எண் வெளியே போனதும் வேறொரு கூட்டம் கூப்பிட ஆரம்பித்தது. மூச்சு மட்டும் விடுகிறவர்கள், என்ன உடுத்தியிருக்கிறாய் என்று கேட்கிறவர்கள். முதல் வாரம் வள்ளிமயில் தெரியாத எண் என்றால் எடுக்காமல் விட்டாள். கடையை மூடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு சொர்ணத்தாய் அந்த அழைப்புகளைத் தன்னிடம் தரச் சொன்னாள்.

"சொல்லுய்யா. எந்த ஊரு? யாரு மவன்? என்னது, சைஸா? உங்க ஆத்தா சைஸு தெரியாதா? வீட்டுல இருந்தா அவகிட்டக் குடு, நான் கேக்கேன்."

பெரும்பாலும் அதோடு வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் மதியம், முந்தின நாள் சொர்ணத்தாயிடம் மாட்டிய ஒரு எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. வள்ளிமயில் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். பெண் குரல்.

"எம்மவன் போன்லருந்து இந்த நம்பருக்கு அடிக்கடி போயிருக்கு. நீ யாரும்மா?"

வள்ளிமயில் ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல அவளிடம் நிறையவே இருந்தது.

"உள்ளாடைக் கடைம்மா," என்றாள். "உங்க அளவை எப்பவாவது டேப் வச்சு எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு தறியோ மில்லோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் தணிந்து வந்தது.

"இரும்மா. கதவச் சாத்திட்டு வாரேன்."