ஒன்பதாம் திரையில் ஒரு சிலந்தி

பதினாறு திரைகள், ஒரு நாற்காலி. ஏழு வருடங்களாக அவள் உலகம் அவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத கண்காணிப்பு அறை. எல்லோருக்கும் அவள் 'கேமரா அக்கா'.

நாற்காலியின் அருமை அவளுக்குத்தான் தெரியும். துணிக்கடையில் நின்றே பிழைத்து, காலில் நரம்பு சுருண்டு, இனி நிற்கும் வேலையே கூடாது என்று டாக்டர் கண்டித்த பிறகு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இடம் அது.

மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை கார் வரும், கார் போகும். வீட்டில், முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருக்கும் கணவர், பழைய லாரி ஓட்டுநர், கேட்பார்: "இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

ஒரு சாயங்காலம், பின்வாசலைக் காட்டும் ஒன்பதாம் திரையில் வெள்ளையாக ஏதோ ஊர்ந்தது. கேமராவின் மூக்கு நுனியில் ஒரு சிலந்தி. உடனே ஒட்டடைக்காரரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. போனை எடுத்தாள். அதற்குள் சிலந்தி ஓர் இழையைக் காற்றில் விட்டுவிட்டு, அது எங்காவது ஒட்டட்டும் என்று அசையாமல் காத்திருந்தது. 'இதுக்கும் ஷிஃப்ட் வேலைதான் போல' என்று போனை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் சொல்ல ஏதாவது இருந்தது.

"நேத்து கட்டின வலையைச் சுருட்டித் தின்னுட்டு, புதுசா கட்டுதுங்க."

"நேத்து மிச்சத்தை இன்னைக்குத் தின்னுதா? அப்ப நம்ம வீட்டு ஆளுதான்."

சிலந்தியில் பழகிய கண் மற்ற திரைகளிலும் நின்றது. மூன்றாம் திரையின் தூங்குமூஞ்சி மரம் பொழுது சாயும்போது இலைகளை மூடிக்கொள்வதை ஏழு வருடமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறாள். "மரமே படுத்துடுது, எனக்குத்தான் பத்து மணி" என்று முணுமுணுத்தபடி கால்களைத் தேய்த்துக்கொண்டாள்.

ஒரு திரையைப் பெரிதாக்கினால் மற்ற பதினைந்தும் மறைந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை, வலையின் கடைசிச் சுற்றுகளைப் பார்க்க ஒன்பதைப் பெரிதாக்கினாள். சுருக்கத்தான் நினைத்தாள், கை போகவில்லை. அந்த நேரத்தில் நான்காம் கேமராவின் முன்னால் யாரோ ஒரு குழந்தையின் புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். அவளைவிடச் சின்னவர்.

"அக்கா, அவ்ளோ நேரம் ஒன்பதையே பெருசா வச்சிருந்தீங்க. பதிவுல இருக்கு. யாரோ சந்தேகமா நின்னாங்கன்னு சொல்லுங்க, முடிச்சிடறேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைச் சொல்லி, அதைத் தினமும் காபந்து பண்ண அவளிடம் தெம்பு இல்லை.

"சிலந்தி வலை கட்டிச்சு தம்பி. அதைப் பார்த்தேன்."

சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இதை நான் மேல எப்படிக்கா சொல்லுவேன்?"

இரவு, வெந்நீர் வாளியில் கால்களை வைத்தபடி கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார். பிறகு: "சரி, கட்டி முடிச்சுதா?"

"முடிச்சுது. நடுவுல போய்த் தலைகீழா உக்காந்துக்கிச்சு."

வேலை போகவில்லை. திங்கட்கிழமை முதல் அவளுக்குப் பின்வாசல் காவல். அங்கே நாற்காலி கிடையாது.