பார் இல்லாத சைக்கிள்

எண்பதுகளில் பாதி ஓடியும் காலையில் எங்கள் ஊருக்கு ஒரே டவுன் பஸ். அது கடத்தூர் போய்ச் சேர ஒன்பதரை ஆகும். பி.காம். முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த பருத்தி மில் ஆபீஸோ ஒன்பதுக்கே ஆரம்பம். இரண்டு வாரம் பொறுத்த மேனேஜர் ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமையும் லேட்டுன்னா வர வேணாம்மா. வேற ஆளு பாத்துக்கறோம்."

பஸ்ஸைத் திட்டி என்ன பிரயோஜனம்? மறுநாள் பூசை முடிந்த கையோடு அப்பாவை இழுத்துக்கொண்டு கடத்தூர் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் வெள்ளிக்கிழமைதான் மூடுவார், ஞாயிறு திறந்திருக்கும். நல்லவேளை.

உள்ளே நுழைந்ததுமே பச்சை நிற லேடீஸ் சைக்கிள் என் கண்ணில் பட்டுவிட்டது. அப்பா அதற்குள் ஒரு கறுப்பு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எடு. நடுவுல பாரு இருக்குது. புண்ணாக்கு மூட்டய சாத்தி வெக்கலாம்."

"ஆபீஸ் போறது நானா, புண்ணாக்காப்பா?"

"ரெண்டுந்தான் போவோணும். வூட்டுக்கு வாங்கற வண்டி இது, ஒனக்கு மட்டுமில்ல."

எங்கள் பக்கம் சைக்கிளும் மாடு மாதிரிதான். சுமக்காவிட்டால் மரியாதை கிடையாது. சரி என்று, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பாரைத் தாண்ட ஒரு முயற்சி செய்தேன். பாய் நாகரிகமாகக் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கொசுவம் சீட்டில் மாட்டி, வண்டியோடு சாய்ந்தேன்.

"பாத்தீங்களா? தெனமும் மில் வாசல்ல இந்தக் கூத்து ஆடவா?"

அப்பா பச்சை வண்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது மூட்ட தாங்குமா பாய்?"

"வண்டி தாங்குமுங்க. ஓட்டறவங்க தாங்கோணுமே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காலேஜ் ஹாஸ்டல் மைதானத்தில் தோழியின் சைக்கிளை எத்தனை சுற்று ஓட்டியவள் நான்! "அப்போ நீங்களே மூட்டையா உக்காருங்கப்பா. பஸ் ஸ்டாண்ட் மேடு ஏறிக் காட்டறேன்."

அவர் மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் மிதியிலேயே ஹேண்டில் ஆடி, வண்டி தக்காளிக் கூடை பக்கம் பாய்ந்தது.

"ஏ கண்ணு, அப்பன கொன்னுராத!" என்று கூடைக்காரம்மா அலறினார்.

"பிரேக்க புடி!"

"புடிச்சா நின்னுரும்பா! சும்மா வாங்க!"

மேட்டின் பாதியில் தொடை எரிந்தது. அப்பா குதித்துவிடுவார் என்று ஒவ்வொரு மிதிக்கும் எதிர்பார்த்தேன். அவர் சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டீக்கடையிலிருந்து ஒரு பையன் கத்தினான்: "என்னா மாமா, பொண்ணு மிதிக்க நீ சொகுசா போற?"

"பின்ன? ஒன்னாட்டம் நடந்தா போவோணும்?" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த திமிரில் மீதி மேடு எப்படி ஏறியது என்றே தெரியவில்லை.

கடைக்குத் திரும்பியதும் பாயிடம் ஒன்றுதான் சொன்னார்: "இதுக்குக் கேரியர மட்டும் பெருசா மாத்திக் குடுங்க."

திங்கட்கிழமை மேனேஜர் வந்தபோது நான் ஃபேனுக்குக் கீழே வேர்வை காயவைத்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா, பஸ்ஸு சீக்கிரம் வந்துருச்சா?"

"பஸ்ஸு இன்னும் வரல சார்."