உளுந்து குறைந்த இட்லி

செல்லூரில் எங்கள் இட்லிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. விடிந்ததும் தறிக்காரர்கள் வந்து மணையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவித்து எடுப்பது நான், பரிமாறுவது என் வீட்டுக்காரர். மாவு ஆட்ட ஒரு பெண் கூலிக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள். அவள் ஆட்டிய உளுந்து வெண்ணெய் மாதிரி விரலில் நிற்கும். அந்த மாவு வாசம் இப்போதும் எனக்கு நினைப்புக்கு வரும்.

உலகச் சண்டைக் காலத்தில் எல்லாம் விலை ஏறியது. மில்லில் பஞ்சப்படி கொடுத்தார்கள். அவளும் கேட்டாள்.

"அக்கா, எனக்கும் கூட்டிக் குடுங்க. மில்லுக்குக் கூப்புடுறாக. இல்லாட்டி அங்கிட்டுப் போறேன்."

அவள் போனால் கடை இல்லை. வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் கூட்டிக் கொடுத்தார். இட்லி விலையை ஏற்ற மட்டும் அவருக்குப் பயம். ஊறப்போடும்போது உளுந்தைக் குறைத்துவிட்டார். எனக்கும் தெரியும். பேசாமல்தான் இருந்தேன்.

இட்லி கல்லாகிவிட்டது. தினமும் ஓரணாவுக்கு ஆறு இட்லி தின்னும் வயதில் பெரிய தறிக்காரர் ஒருவர், ஒன்றைக் கையில் தூக்கி என் வீட்டுக்காரரிடம் காட்டினார்.

"மாப்ள, இதத் தறிப் பாவுல கட்டித் தொங்கவிட்டா நூலு விறைப்பா நிக்கும். ஆட்டுறவளுக்கு மில்லு நெனப்பு வந்துருச்சு போல."

எல்லாரும் சிரித்தார்கள். பின்கட்டில் ஆட்டுரல் சத்தம் நின்றது. மாவுக் கையோடு என்னிடம் வந்தாள்.

"கூட்டுனத நீங்களே வச்சுக்கங்கக்கா. உளுந்தப் பழையபடி போடுங்க. என் கைக்குல்ல பேரு கெடுது."

நான் யாருக்கும் தலை குனிந்தவள் இல்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே முன்கட்டுக்குப் போனேன்.

"கொற அவ கையில இல்ல. உளுந்தக் கொறச்சது நாங்க. நாளைக்குப் பழைய இட்லி வரும். ஆனா ஓரணாவுக்கு நாலுதேன். அவளுக்குக் கூலி கூட்டியிருக்கு."

வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க கூலிய எவன் தாயி கூட்டுறான்?" என்றார் பெரியவர்.

மறுநாள் இட்லி பூவாக வந்தது. மணையில் பாதி இடம் காலி. பெரியவர் மட்டும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய் தின்றுவிட்டு, பின்கட்டுக்குக் கேட்கிற மாதிரி, "இது அவ ஆட்டுனது" என்றார்.

நாலாவதை அவர் பிட்டபோது நான் இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு போனேன். கையை இலைக்கு மேலே குறுக்கே வைத்துவிட்டார்.

"போதும் தாயி. வயிறு நெறஞ்சிருச்சு."

இட்லியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். சாம்பார் வாளியை எடுத்துவந்து, கேட்காமலே ஊற்றினேன். அதற்கு அவர் கை குறுக்கே வரவில்லை.