எட்டு கே கேமராவும் ஜாக்சன் வீட்டுக் கல்யாணமும்

காரைக்காலில் கல்யாணம் வைப்பவர்களில் மண்டபத்துக்குத் தேதி கேட்பதற்கு முன்னால் வில்சனுக்குத் தேதி கேட்பவர்கள் உண்டு. இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இதில் எரிச்சல்தான். அவன் எடுத்து வருவதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, மனிதர்கள் பார்க்கும்படி ஆக்குவது நான். என் பெயர் சஃபியுல்லா. பாரதியார் சாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எடிட்டிங் ரூம் வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக “வீடியோ பிரமாதம் வில்சா” என்று ஊரே அவன் தோளைத் தட்டுகிறது. “அதுல பாதி சஃபியோட வேலைங்க” என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாய் சொல்லியிருக்குமா? சொல்லாது. அது அப்படிப்பட்ட வாய்.

மற்றபடி தங்கமான ஆள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவன். ஒரு கல்யாணத்துக்குச் சீரியல் லைட் கட்டப் போன இடத்தில், வந்திருந்த கேமராக்காரருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. “குடுங்கண்ணே, நான் பிடிக்கிறேன்” என்று வாங்கியவன்தான், அதற்கப்புறம் அவன் கையிலிருந்து கேமரா இறங்கவேயில்லை. காதுகுத்து, புதுநன்மை, நிக்காஹ், மாங்கனித் திருவிழா, திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி என்று எதையும் விடமாட்டான். மழை வந்தால் குடையைக் கேமராவுக்குத்தான் பிடிப்பான். பந்தியில் கடைசி இலை அவனுடையது. பிரியாணி தீர்ந்து வெறும் ரசமும் சோறும் வந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் ஒரு நாள் காலை என் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வில்சன் ஒரு பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“டேய் சஃபி, எட்டு கே!”

“எத்தன கேவா இருந்தா என்னடா, என் கம்ப்யூட்டர் தாங்கணுமே” என்றேன்.

அவன் காதில் அது விழவில்லை. கண்ணாடி வைக்காத புது மாடல் கேமராவாம், மிர்ரர்லெஸ்ஸாம், ஒரு படத்தில் நாலரைக் கோடிப் புள்ளியாம். கையில் பிடித்துக்கொண்டு நடந்தாலும் படம் குலுங்காதாம். “அப்ப இத்தன வருஷமா உன் குலுக்கல நிறுத்துன என் பொழப்பு?” என்று கேட்டேன். “வேற தொழில் பாரு” என்று சிரித்தான். எடுத்துக் காட்டிய படமோ சாம்பல் பூத்தமாதிரி வெளிறிக் கிடந்தது. “இது லாக்னு ஒரு முறைடா. நிறமெல்லாம் உள்ள ஒளிஞ்சிருக்கு. நீதான் வெளிய கொண்டு வரணும்” என்றான். பார்த்தீர்களா, வேலை எப்படி என் தலையில் வந்து விழுகிறது!

அவனை மயக்கியது இதெல்லாம் இல்லை. “முகத்த ஒரு தடவ பதிஞ்சு வச்சிட்டாப் போதும்டா. ஆயிரம் பேர் கூட்டத்துலயும் அந்த முகத்தையே தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்ணும். நான் கையே வைக்க வேணாம்.”

பழகிப் பார்க்க அவனுக்கு வீட்டில் கிடைத்த ஒரே ஆள் மனைவி ஆக்சிலியா. தையல் வேலை செய்கிற பெண். வாய் பேசுவது குறைவு, கண் பார்ப்பது அதிகம். அவளே பொறுக்கமாட்டாமல் எனக்குப் போன் போட்டாள். “அண்ணே, மீன் ஆயுறேன், மூஞ்சிக்கு முன்னால கேமராவ நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. கொல்லைக்குத் துணி காயப்போடப் போனா அங்கயும் வர்றாரு. கொஞ்சம் சொல்லுங்களேன்.” நான் என்ன சொல்ல? புதுச் செருப்பு வாங்கியவன் நாலு தெரு நடந்துதான் தீருவான் என்றேன்.

புதுக் கேமராவுக்கு முதல் வேலை ஜாக்சன் அண்ணன் மகள் சில்வியாவின் கல்யாணம். ஜாக்சன் அண்ணன் மின்துறையில் லைன்மேன். முப்பது வருஷம் கம்பம் ஏறி ஒரு நாளும் விழாத மனிதர், பத்திரிகை வைக்கப் போன வீட்டு மாடிப்படியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆயிற்று. எழுந்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

நானும் வில்சனும் பார்க்கப் போனோம். கட்டிலில் கிடந்தபடியே அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஒரே பொண்ணு. மத்தது எது எப்படி இருந்தாலும் பரவால்ல. கோயில்ல தாலி கட்டுறத மட்டும் எனக்குத் தெளிவா எடுத்துக் குடுத்துடுப்பா.”

“அண்ணே, நீங்க பக்கத்துல நின்னாக்கூட அவ்வளவு தெளிவாப் பாக்க முடியாது” என்றான் வில்சன். நாக்கில் சனி.

கல்யாணத்தன்று மாதா கோயில் நிறையக் கூட்டம். உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் லைவ் போட்டான். அது அங்கே வீட்டில் ஜாக்சன் அண்ணன் போனில் வட்டம் சுற்றிச் சுற்றி, ஃபாதர் தாலியை மந்திரித்துக் கையில் கொடுத்த நேரம் பார்த்து நின்றே போனது. இங்கே சொந்தக்காரர்கள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்கள். பீடத்துப் படியோரம் நின்ற வில்சனுக்கு வழியில்லை. கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். திரை தெரியவில்லை. அதனால் என்ன, அதுதான் முகத்தைத் தானே பிடிக்குமே! அப்படியே எடுத்து முடித்தான்.

மறுநாள் என் ரூமில் உட்கார்ந்தோம். என் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு ஒருவழியாகத் திறந்தது. மணப்பெண் வருகை நன்றாக இருந்தது. மோதிரம் மாற்றியது நன்றாக இருந்தது. தாலி கட்டும் இடம் வந்தது.

“டேய்” என்றேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் பனிக்குள் நிற்பதுபோலத் தெரிந்தார்கள். கை எது, தாலி எது என்று தெரியவில்லை. அவர்களுக்குப் பின்னால், மூன்றாவது வரிசை ஓரத்தில், ஒரு முகம் மட்டும் மூக்குத்திக் கல்லோடு பளிச்சென்று இருந்தது. ஆக்சிலியா.

கேமரா மெனுவைத் திறந்து பார்த்தோம். பதிந்த முகங்கள் வரிசையாக இருந்தன. முதல் இடத்தில் மீன் ஆய்ந்துகொண்டே முறைக்கிற ஆக்சிலியா. இரண்டாம் இடத்தில் மணப்பெண் சில்வியா.

“காலைல பொண்ணு முகத்தையும் பதிஞ்சேனேடா” என்றான்.

“பதிஞ்ச. ஆனா வீட்டம்மாவுக்கு அடுத்த எடம்தான குடுத்திருக்க! கட்டுன பொண்டாட்டி நிக்கிறப்ப அது வேற யாரப் பாக்கும்?”

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சிரிப்பு ஓடிவிட்டது. குலுங்கினால் நிறுத்தலாம், இருட்டாயிருந்தால் வெளுக்கலாம். ஃபோகஸ் போனால் எந்த எடிட்டராலும் எதுவும் செய்ய முடியாது. கட்டிலில் கிடக்கிற மனிதரிடம் என்னவென்று போய்ச் சொல்வது?

சும்மா இருக்க முடியாமல் படத்தைப் பெரிதாக்கினேன். எட்டு கே அல்லவா, பெரிதாக்க ஆக்கப் போய்க்கொண்டே இருந்தது. ஆக்சிலியாவின் உதடு அசைவது தெரிந்தது, ஜெபம் சொல்கிறாள். எல்லாரும் தாலியைப் பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் தலைக்கு மேலே கேமராவைத் தூக்கிக்கொண்டு தள்ளாடுகிற தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பெரிதாக்கினேன். அவள் ஒரு கை பெஞ்சின் ஓரத்தில் எதையோ பிடித்திருந்தது. கறுப்பாக, சின்ன மூன்றுகால் ஸ்டாண்டின் மேல். அதில் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு.

“வில்சா, அது உன் பழைய கேமராடா. ஓடிக்கிட்டிருக்கு!”

புதுசு வந்ததும் அதை அவன் துணியில் சுற்றி அலமாரியில் போட்டுவிட்டதாகத்தான் எனக்குத் தெரியும். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினான். பின்னாலேயே நானும்.

ஆக்சிலியா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் மூச்சிரைப்பைப் பார்த்தாள். மெஷின் டிராயரைத் திறந்து, பட்டன் டப்பாவுக்குள்ளிருந்து மெமரி கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா, என்மேல நம்பிக்க இல்லியான்னு கேப்பீங்க. உங்கமேல இருக்குங்க. அந்தக் கேமராமேலதான் இல்ல.”

“நேத்தே குடுத்திருக்கலாமே, தங்கச்சி” என்றேன் நான்.

“அவரு எடுத்தது நல்லா வந்திருந்தா, அழிச்சிட்டுப் பேசாம இருந்திருப்பேண்ணே.” சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

கார்டைப் போட்டுப் பார்த்தோம். எட்டு கே இல்லை, அதில் பாதிகூட இல்லை. படம் ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது. ஆனால் கூட்டம் மறைக்காத ஓரப் பெஞ்சானதால், பக்கவாட்டிலிருந்து பெண்ணின் குனிந்த முகமும், நடுங்குகிற மாப்பிள்ளை விரலும், மூன்று முடிச்சும் ஒன்று குறையாமல் வந்திருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். சாய்வை நான் சரி செய்தேன். அதைச் செய்தவன் நான்தான் என்று இங்கேயாவது எழுதிவைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் பென் டிரைவோடு ஜாக்சன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். கட்டிலுக்கு எதிரே டிவியை மாட்டியிருந்தார்கள். தாலி கட்டும் இடம் வந்ததும் மனிதர் தலையணையிலிருந்து கழுத்தை நீட்டினார். “திரும்பப் போடு” என்றார். போட்டேன். “இன்னொருக்க.” போட்டேன். ஐந்தாவது தடவை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வில்சா, சொன்ன மாதிரியே செஞ்சிட்டப்பா! புதுக் கேமரான்னா புதுக் கேமராதான். உன் கையே கை!”

எனக்குப் பழகிப்போன காட்சிதான். இவன் இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டுவான், நாம் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று டம்ளரை எடுத்தேன். ஆக்சிலியா அவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வில்சன் தொண்டையைச் செருமினான். “இது நான் எடுத்ததில்லண்ணே. நான் எடுத்தது வீணாப் போச்சு. இது என் வீட்டுக்காரி எடுத்தது.”

எனக்கு டீ புரையேறிவிட்டது. ஜாக்சன் அண்ணன் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆக்சிலியாவின் முகம் காது வரை சிவந்துபோயிருந்தது. பத்தொன்பது வருஷம் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தவன் நான். அது எனக்கு வரவில்லை, ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“அப்படியாம்மா?” என்றார் ஜாக்சன் அண்ணன். “சரி, நான் எழுந்திரிச்சு நடக்குற அன்னைக்கு மாதாவுக்குப் பூசை வைக்கிறதா நேர்ந்திருக்கேன். அத எடுக்க நீயே வந்துடும்மா. இவன வேணும்னா லைட் பிடிக்கக் கூட்டிக்கிட்டு வா.”

“வர்றேண்ணே” என்றாள் ஆக்சிலியா.