நாட்டாமை வண்டியின் இலக்கம்

திறப்பு விழா பத்து மணிக்கு. எட்டரைக்கு மண்டபத்துக்குள் நுழைந்தால், சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தின் நீல வானத்தில், வெள்ளை இனாமல் பெயின்டில் பளிச்சென்று ஓர் இன்வென்டரி இலக்கம்!

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் அரச அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் கிடைத்தபோது, சனம் காத்திருக்கும் மண்டபத்துக்குப் படம் வாங்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். எனக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோஷம். வெள்ளவத்தை ஓவியர் செல்வராணி அக்காவின் வீட்டுக்கு ஏழு தரம் போனேன். எங்கள் பழைய கட்டடத்துக்கு அவர் முன்பு கொடுத்த படம் காணாமல் போயிருந்தது. கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "இந்த முறை நான் பொறுப்பு அக்கா" என்று சொல்லித்தான் இதை வாங்கினேன். படத்தில், புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளும் இரண்டு நாட்டாமைகள், சுமை தூக்கும் கூலியாட்கள்.

ஸ்டோர்ஸ் கீப்பர் ரிஸ்மி, மாளிகாவத்தைக்காரர், என் வயதுதான், பிரஷைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ரிஸ்மி, இது படம்! மேசை இல்ல!"

"மேசைக்கும் நம்பர் ஈக்கி, ஃபேனுக்கும் ஈக்கி. இது மட்டும் என்ன மிஸ், புது மாப்பிள்ளையா?"

"பின்பக்கம் எழுதியிருக்கலாமே!"

"செவத்தோட ஸ்க்ரூ அடிச்சது நீங்கதானே. போர்ட் ஒஃப் சர்வே கழட்டியா பார்க்கும்?"

வருடாவருடம் வந்து அலுவலகச் சாமான்களைச் சரிபார்க்கும் குழு அது. நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். திரும்பினால், வாசலில் செல்வராணி அக்கா.

"ஆர் இதில எழுதினது?"

"நான்தான் மேடம்" என்றார் ரிஸ்மி. "நம்பர் இல்லாட்டி அது ஒஃபிஸ்ல இல்லாத சாமான். பழைய கட்டடத்தில ஒரு படம், ஒடஞ்ச மேசை கதிரைகளோட லொறில ஏறினத என்ட கண்ணால கண்டன். நிப்பாட்டப் போனா, 'இது லிஸ்ட்ல இல்ல'ன்டாங்க."

"என்ன படம்?"

"கடலோரத் தண்டவாளத்தில ஒரு கோச்சி போற படம்."

அக்கா பக்கத்து மர வாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அது என்ர" என்றார்.

படத்தைக் கழற்றிக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கைப்பையிலிருந்து டர்பன்டைன் போத்தலையும் துணியையும் எடுத்தார். நல்லகாலம், பெயின்ட் காயவில்லை. வானம் மெல்ல மெல்ல நீலமானது.

"உங்கட பிரஷைத் தாங்கோ தம்பி."

கைவண்டியின் பக்கப் பலகையில், பாதி தேய்ந்த எழுத்துப்போல, அதே இலக்கத்தை எழுதினார். "வண்டிக்கு ஏதோ குறையுது எண்டு நானும் யோசிச்சனான்."

ரிஸ்மி பதிவேட்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரி மேடம்" என்றார்.

இந்த வருடம் சர்வே வந்தது. படத்துக்கு முன் நின்று தேடிய அதிகாரிக்கு ரிஸ்மி வண்டியைக் காட்டினார். அவர் சிரித்துவிட்டு சரி போட்டார். இலக்கம் அழிந்த நான்கு கதிரைகள் லொறியில் போயின. படம் இருக்கிறது.

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களே, ஓவியர் வீட்டுக்குப் போகுமுன் ஸ்டோர்ஸுக்குப் போங்கள். நான் போகவில்லை. ரிஸ்மியிடம் மன்னிப்புக் கேட்டபோது, "அடுத்த படத்துக்கு ஸ்க்ரூ அடிக்க முந்திச் சொல்லுங்க, போதும்" என்றார்.

போன கிழமை அக்கா அழைத்தார்.

"பிள்ளை, அந்தக் கோச்சியத் திரும்ப வரையிறன். ரிஸ்மித் தம்பியிட்ட இலக்கத்தை முதல் வாங்கித் தாரும்."