கனமாக இருந்த பவர் பேங்க்

நாங்கள் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறோம். கரெண்ட் போனாலும் மகள் டேப்லெட்டில் படிக்கட்டுமே என்று, திருப்பதி பஸ் ஸ்டாண்டு அருகே நடைபாதைக் கடையில் பவர் பேங்க் பார்த்தோம். நூல் கோனைத் தூக்கிப் பார்ப்பதுபோல் என் கணவர் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்லா கனமா கீது, இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

வீட்டில் டேப்லெட்டைச் செருகிய சற்று நேரத்தில் பவர் பேங்கிலிருந்து புகை வந்தது. பக்கத்திலேயே நெய்த சேலைக் கட்டு! மகள் அலறிக்கொண்டே பவர் பேங்கைத் தெருவில் வீசினாள். பிளந்து கிடந்ததைப் பார்த்தால், உள்ளே துக்கடா பேட்டரி. மீதி இடமெல்லாம் இரும்புத் துண்டு!

கடைக்காரனிடம் போய்க் கேட்டால், "பில்லு வச்சிக்கினு கீறியாம்மா?" என்று சிரிக்கிறான். என் பெண்ணின் கை வெந்திருந்தாலும் சிரித்திருப்பானா?

இப்போது பில்லும் பி.ஐ.எஸ். தர முத்திரையும் இல்லாமல் நாங்கள் மின்சாதனம் எதையும் வாங்குவதில்லை. அந்த இரும்பைத் தறிக்கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். கனம் பார்த்து வாங்கலாம் என்பவர் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.