தெற்கு தீர்ந்தவர்களின் அறை

வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தேவகனி அவருடைய காலைப் பார்த்துவிடுவார். கையில் வாரியலோடு படிக்கட்டின் மூன்றாவது படியில் நின்று பார்ப்பார். செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, வாருக்கு வெளியே தெரிகிற தோல் கறுத்து, பெருவிரல் நகம் விழுந்து பாதி முளைத்திருந்தால் மேனேஜரை நோக்கி ஒரு தலையசைப்பு. "நடந்து வந்த ஆளாக்கும். பதினாலக் குடுங்க." சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்குப் படியைப் பெருக்கத் தொடங்கிவிடுவார்.

கன்னியாகுமரியில், கடற்கரைக்குப் போகும் தெருவில் இருக்கிறது அந்த லாட்ஜ். மேனேஜர் ஹரிகுமார் என்னோடு பள்ளியில் படித்தவன். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது நான் அங்கே போய் வெட்டியாக உட்கார்ந்திருப்பேன். தேவகனிக்கு ஐம்பத்துநான்கு வயது. கொட்டாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பட்டன் போன். லாட்ஜில் தங்குகிறவர்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. "எட்டு கெளம்பியாச்சு. பதினொண்ணுக்கு சோப்பு வேணுமாம்." நடந்து வந்தவர்களுக்கு மட்டும் பெயர் உண்டு. முதல் நாளே ஊர், பெயர், வீட்டில் யார் யார் என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

பதினாலாம் நம்பர் அறை பின்பக்கம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. தென்னந்தோப்பும் அதற்கு அப்பால் மருந்துவாழ் மலையும்தான் தெரியும். கன்னியாகுமரிக்கு வந்து வடக்கு பார்த்த அறையில் யார் தங்குவார்கள் என்று ஹரி அதைத் தட்டுமுட்டுச் சாமான் போட வைத்திருந்தான். அதை ஒழித்துக் கழுவி அறையாக்கியது தேவகனி. "இத்தன தூரம் நடந்து வந்தவனுக்கு முன்னால தண்ணியக் காட்டப்படாது சாரே" என்றார் என்னிடம். நான் சிரித்தேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

காசியிலிருந்தும் ஹரித்துவாரிலிருந்தும் மனிதர்கள் இங்கே நடந்து வருகிறார்கள். நாலு மாதம், ஐந்து மாதம், ஆறு மாதம். தேசம் முழுவதையும் காலால் அளந்துவிட்டு வந்து கடலில் இறங்கி நிற்பார்கள். கூட வந்தவர்கள் மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். அன்று முழுக்கக் கொண்டாட்டம்தான். மறுநாளிலிருந்து அந்த ஆளைப் பார்க்க முடியாது. களைப்பாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"களைப்பு வேற சாரே. களைச்சவன் ஒறங்குவான்லா? இவங்க ஒறங்க மாட்டாங்க. கட்டிலயும் மெத்தயயும் விட்டுட்டுத் தரையில கெடந்து மேல சுத்துத ஃபேனயே பாத்துட்டு இருப்பாங்க. சோறு எறங்காது. வீட்டுல இருந்து போன் வந்தா எடுக்க மாட்டாங்க. கால் நின்னுட்டு, மனசு இன்னும் நடந்துட்டே இருக்கு."

இதைச் சொன்ன பெண்மணி நாகர்கோவிலைத் தாண்டி வடக்கே இரண்டு முறைதான் போயிருக்கிறார்.

தை மாதம் பிறந்த வாரத்தில் ஏகாம்பரம் வந்தார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் வாலாஜாபாத். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகளோடு இருக்கிறார். காசியிலிருந்து நூற்று முப்பத்தொரு நாள் நடந்து வந்திருந்தார். முதல் நாள் லாட்ஜில் இருந்த எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். இரண்டாம் நாள் கதவைத் திறக்கவில்லை. ஊருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக ஹரி சொன்னான்.

அன்று தேவகனி தண்ணீர் கொண்டுபோனபோது நானும் பின்னால் போனேன். தரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் ஏகாம்பரம். திரும்பாமலே பேசினார். "நூத்தி முப்பத்தொரு நாள் காலையில எழுந்தா ஒரே வேலைம்மா. தெற்கால நடக்கணும். அவ்ளோதான். மழை பேஞ்சாலும் தெற்கு, ஜுரம் வந்தாலும் தெற்கு. இன்னிக்கு எழுந்தேன். தெற்கே இல்லையேம்மா."

இந்த முனையில் பிறந்து வளர்ந்தவன் நான். தெற்கு என்ற ஒன்று ஒரு மனிதனுக்குத் தீர்ந்துபோகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தேவகனி தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்தார். "தெக்கு தீந்தா வடக்கு கெடக்குல்லா அண்ணே? செரி, சுசீந்திரம் வழியாத்தானே வந்தீங்க? அங்க பெரிய அனுமாரு நிக்காருல்லா, அவரு எவ்வளவு உசரம்?"

ஏகாம்பரம் யோசித்தார். கோயிலுக்குள் போனது ஞாபகம் இருந்தது. அனுமாரைப் பார்த்தது ஞாபகம் இல்லை. கன்னியாகுமரி நெருங்கிவிட்டது என்ற பரபரப்பில் கடைசி நாள் எதையுமே பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். "பாத்தீங்களா! அப்போ அந்த வழி இன்னும் நடக்காத வழியாக்கும். நாளைக்குக் காலம்பற நடந்து போயி பாத்துட்டு, வரும்போ பஸ்ஸுல வாங்க. எனக்கும் தெரியணும். நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி, உள்ள போனதில்ல."

இதுதான் தேவகனியின் வைத்தியம். இதுவரை எத்தனையோ பேரிடம் அந்த அனுமாரின் உயரத்தைக் கேட்டிருக்கிறார். பதினைந்து அடியிலிருந்து முப்பது அடி வரை பதில் வந்திருக்கிறது. ஒவ்வொரு பதிலையும் வாயைப் பிளந்து புதிதாகக் கேட்பார். மறுநாள் தூரம் குறையும். கொட்டாரம் வரை நடந்து போய் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி வர வேண்டும். அதற்கு அடுத்த நாள் விவேகானந்தபுரம், ஒரு தீப்பெட்டி. கடைசி நாள் தெருமுனையில் ஒரு சாயா. அதன் பிறகுதான் ரயில். "அடுப்புல இருந்து எறக்குன சட்டியப் பச்சத் தண்ணியில வச்சா தெறிச்சுப் போவும்லா சாரே? கொறச்சு கொறச்சா ஆற விடணும்." நடந்து சூடேறிய காலை இப்படி ஆற வைப்பதற்கு, 'கால எறக்குதது' என்று பெயர் வைத்திருக்கிறார்.

அந்த நான்கு நாளும் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். முதல் நாள் சுசீந்திரத்துக்கு, கோர்ட்டுக்குப் போகிறவர் போலப் போனார். மட்டிப்பழம் வாங்கிவந்த அன்று ஹரியோடு நின்று பேசினார், மகளின் போனை எடுத்தார். நான்காம் நாள் சாயாக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டதை தேவகனி லாட்ஜ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இதை அவர் எங்கே கற்றார் என்று ஒருநாள் கேட்டேன். வாளியில் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் சேலத்துக்காரர் ஒருவர் ஹரித்துவாரிலிருந்து நடந்து வந்து எட்டாம் நம்பரில் தங்கினார். பெயர் என்னவென்று தேவகனி கேட்கவில்லை. மூன்று நாள் அறைக்குள்ளேயே கிடந்தார். நான்காம் நாள் சாவியைக் கொடுத்து "போறேன்" என்றார். கூட்ட நேரம். அவர் படியிறங்கும்போதே தேவகனி அறையைத் தூத்து வாரி முடித்துவிட்டார். பத்து நாள் கழித்து அவருடைய மனைவி ஒரு படத்தோடு வந்து நின்றார். ஆள் வீடு போய்ச் சேரவில்லை. இன்றுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை.

"எழுதி வச்ச ஒரு துண்டுக் கடலாசாவது கெடக்குமான்னு கேட்டாங்க. நான் எல்லாத்தயும் தூத்துத் தள்ளிட்டேனே. அந்தப் பொம்பள எட்டாம் நம்பருல குனிஞ்சு வெறுந்தரையத் தடவிப் பாத்தா சாரே."

ஊருக்குப் புறப்பட்டவர் வாசலைத் தாண்டியதும் வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு. லாட்ஜில் அது நடக்காது. ஆள் போன அரை மணி நேரத்தில் அடுத்தவருக்கு அறை வேண்டும். மற்ற அறைகளை தேவகனி அப்படித்தான் மின்னல் வேகத்தில் பெருக்குகிறார். நடந்து வந்தவர்களின் அறையை மட்டும், அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்துவிட்டதாகப் போன் வரும்வரை வாரியல் தொடாது. பெருக்கினதால் ஒருவர் தொலைந்து போவாரா என்று என் பகுத்தறிவைக் காட்டினேன். "எனக்கும் தெரியும். ஆனா போறவருக்கு வழியில மனசு மாறிச்சுன்னு வையுங்க, திரும்பி வந்தா படுத்த எடம் அப்படியே கெடக்குன்னு ஒரு நெனப்பு வேணும்லா?" என்றார்.

ஐந்தாம் நாள் சாயங்கால ரயிலுக்கு ஏகாம்பரம் கிளம்பினார். "அப்ப நான் போறேம்மா" என்றதும் தேவகனியின் முகம் மாறிவிட்டது. ஏகாம்பரத்தின் தோளிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டார். "வாறேன்னு சொல்லுங்க." அவர் சிரித்து, "வரேம்மா" என்ற பிறகே பையை விட்டார். ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதச் சொல்லி அதை அவர் சட்டைப் பையில் தானே வைத்தார். "வீட்டு நடையில கால வச்சதும் போன்ல விளிக்கணும். பொறவுதான் நான் தூப்பேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே நான் போய்விட்டேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ரயில் ஆறு மணிக்கெல்லாம் செங்கல்பட்டில் நின்றிருக்கும், அங்கிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று ஹரி சொன்னான். போன் வரவில்லை. ஈரோட்டிலிருந்து வந்த எட்டுப் பேர் கொண்ட குடும்பம் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பொங்கல் கூட்டம், வேறு அறை இல்லை.

"யக்கா, அவரு வீட்டுக்குப் போயி குளிச்சு சாப்ட்டு ஒறங்கியிருப்பாரு. போயி தூத்து" என்றான் ஹரி.

"ஒறங்கட்டும். எந்திச்சு விளிக்கட்டும்."

ஹரி ஏகாம்பரத்தின் நம்பருக்கு அடித்துப் பார்த்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்து மணிக்கும் அப்படியே, பத்தரைக்கும் அப்படியே. தேவகனி ஒன்பதாம் அறையைப் பெருக்கினார், பத்தாம் அறையைப் பெருக்கினார், ஒவ்வொன்றும் முடிந்ததும் பதினாலின் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தார். ஈரோட்டுக்காரர் குரலை உயர்த்தியதும் ஹரி பொறுமையிழந்து இன்னொரு வாரியலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினான். தேவகனி இரண்டு கையையும் கதவு நிலையில் வைத்து மறித்துக்கொண்டார்.

"என்னய வேலைய விட்டு நிறுத்தணும்னா நிறுத்தும். இன்னைக்கு இந்த நடையத் தாண்டப்படாது."

ஹரி அவர் தோளுக்கு மேலாக அறைக்குள் எட்டிப் பார்த்தான். தரையில் ஒரு மட்டிப்பழத் தோல், காலில் ஒட்டிக் கழற்றிய பிளாஸ்திரி, கொஞ்சம் மணல். அவன் இறங்கி வந்து, தான் மதியம் படுக்கிற ஆபீஸ் அறையைத் திறந்து அந்தக் குடும்பத்தின் பெட்டிகளை உள்ளே வைக்கச் சொன்னான். எனக்கும் அதற்குள் வேடிக்கை பார்க்கும் எண்ணம் போய்விட்டது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. உறைக்குள்ளிருந்து எடுக்க முடியாமல் தேவகனி உறையோடு காதில் வைத்தார். ஏகாம்பரத்தின் குரல் அடுத்திருந்த எனக்கே கேட்டது. "ஏகாம்பரம் பேசறேம்மா. இப்பதான் வாசல்ல கால் வைக்கறேன். என் போன்ல சார்ஜ் இல்ல, இது பொண்ணு போன்."

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

"செங்கல்பட்டுல இறங்கினேன். பஸ் நின்னுது. ஏறத் தோணல. நடந்தே வந்துட்டேன்." மூச்சு வாங்கினார். "மேற்கால நடந்தேம்மா. மேற்கும் இருக்குது."

"செரி, சோறு தின்னுங்க" என்று மட்டும் சொல்லி தேவகனி போனைச் சட்டைப் பையில் போட்டார். வாரியலை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிச் சேர்த்துக்கொண்டு பதினாலுக்குள் போனார். ஜன்னலோரம், ஏகாம்பரம் படுத்திருந்த இடத்தில் குனிந்து, தரையை உள்ளங்கையால் ஒரு தடவை மெதுவாகத் தடவினார். பிறகு பெருக்க ஆரம்பித்தார்.